"தூக்கம் நல்லா வருதா?" என்று கேட்டுத் தவறவிட்டது: ஒரு பூ வியாபாரியின் இரவு மூச்சுத் தடை

நான் ஒத்தக்கடைப் பக்கம் சின்ன கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர். அடங்காத ரத்த அழுத்தமும் சர்க்கரையுமாக வந்த ஓர் அம்மாவை 2023 ஜனவரியிலிருந்து 2024 செப்டம்பர் வரை பார்த்ததன் பதிவு இது. அவரிடமும் அவர் குடும்பத்திடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். முதல் ஆறு மாதம் நான் செய்த தவறு எங்களைப் போன்ற பல கிளினிக்குகளில் நடக்கக்கூடியது. அதனால் அதைச் சுருக்காமல் சொல்கிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது 53 வயது. யானைமலை அடிவாரத்தில் வீடு. பூ வியாபாரம் முப்பது வருடப் பழக்கம். இப்போது மாட்டுத்தாவணி சந்தையில் மல்லிகையும் பிச்சியும் மொத்தமாக எடுத்து, ஒரு பகுதியை அப்படியே கைமாற்றி, மீதியைக் கட்டி விற்கிறார். இரவு 9 மணிக்குப் படுத்து அதிகாலை 2.30-க்கு எழுவார். மகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து 3 மணிக்குச் சந்தைக்குப் போவார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் பாயில் ஒரு தூக்கம். முகூர்த்த நாள் என்றால் அதுவும் இல்லை. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை ஏழு வருடமாக, அழுத்தம் ஐந்து வருடமாக.

முதல் நாள் எழுதிய அளவுகள்: உயரம் 152 செ.மீ., எடை 78 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 33.8, இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. இரண்டு மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் 158/96. வெறும் வயிற்றில் சர்க்கரை 172, மூன்று மாதச் சராசரி 8.9 சதவீதம். ரத்தக் கொழுப்பில் ஒன்றான டிரைகிளிசரைடு 236, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். 37. ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு. தைராய்டு சரியாக இருந்தது.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று நாங்கள் சொல்லும் கூட்டுக் கோளாறுக்கு ஐந்து அளவுகோல் உண்டு. இடுப்பு, நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு 150 அல்லது மேல், ஹெச்.டி.எல். பெண்களுக்கு 50-க்குக் கீழ், ஆண்களுக்கு 40-க்குக் கீழ். அழுத்தம் 130/85 அல்லது மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். இவற்றில் மூன்று இருந்தாலே போதும். இவருக்கு ஐந்தும் இருந்தன.

அந்த ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணும் இருந்தது. ஹீமோகுளோபின் 15.2. எங்கள் பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 10, 11 என்று பார்த்துப் பழகிய கண் இதைக் கண்டு நின்றிருக்க வேண்டும். "ரத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன். இரவெல்லாம் ஆக்சிஜன் குறைகிற உடம்பு சில சமயம் அதை ஈடுகட்டச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும் என்பது அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முதல் ஆறு மாதம்

ஜனவரியில் அழுத்த மாத்திரைகளில் டெல்மிசார்டனை 40 மி.கி.யிலிருந்து 80-க்கு ஏற்றினேன். ஆம்லோடிபின் 5 மி.கி. அப்படியே. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு இருந்த கிளிமிபிரைடை 1 மி.கி.யிலிருந்து 2 ஆக்கினேன். கொழுப்புக்கு ஒரு மாத்திரை சேர்த்தேன். அன்றைய குறிப்பில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "தூக்கம்: நன்று." நான் கேட்டது "தூக்கம் நல்லா வருதா?" என்று. அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "அதுக்கென்ன டாக்டரம்மா, உக்காந்தாலே வந்துரும்."

அந்தப் பதிலே நோயின் அறிகுறி. நான் அதை நலம் என்று எழுதிவைத்தேன்.

மார்ச்சில் 154/94. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று முடிவுகட்டினேன். சந்தை வேலை, நேரங்கெட்ட நேரச் சாப்பாடு, யாராக இருந்தாலும் விட்டுப்போகும் என்பது என் நினைப்பு. மூன்றாவது மருந்தாக, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்த்தேன். ராத்திரி மூன்று நான்கு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கிறேன் என்றார். சர்க்கரை இறங்கினால் சரியாகும் என்றேன். புது மாத்திரையும் அதற்கு ஒரு வசதியான காரணமாகிவிட்டது. ஆனால் அந்தத் தொல்லை அதற்கு முன்பே இருந்தது என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

ஜூனில் 152/94. சராசரிச் சர்க்கரை 8.7. எடை 79.5 கிலோ, ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. கிளிமிபிரைடுக்கு எடை கூட்டும் குணம் உண்டு. இன்சுலின் ஊசி பற்றிப் பேச்சை எடுத்தேன். கூடவே, "மாத்திரையை விடாமச் சாப்பிட்டா இந்த நிலை வராதும்மா" என்றும் சொன்னேன். அவர் பேசாமல் மஞ்சப் பையைக் கவிழ்த்தார். மூன்று மாதத்துக் காலி அட்டைகள் மேசையில் விழுந்தன. "எண்ணிப் பாருங்க. ஒண்ணு கூட விட்டதில்ல." நர்ஸ் எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது.

சிறுநீர் மருந்தையும் சேர்த்து மூன்று மருந்து உரிய அளவில் கொடுத்தும் இறங்காத அழுத்தத்துக்குத் தனிப் பெயர் உண்டு: மருந்துக்கு அடங்காத உயர் அழுத்தம். அப்படி வந்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்பது பாடம். தேட வேண்டிய காரணங்களின் பட்டியலில் தூக்கத்தில் மூச்சுத் தடை முதல் வரிசையில் நிற்கிறது. நான் அவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த ஆறு மாதமும் அது அங்கேதான் நின்றது.

சரி, முதலில் வீட்டு அளவு வேண்டும் என்று ஒரு மெஷினை இரவல் கொடுத்து அனுப்பினேன். பத்து நாள் எழுதிக்கொண்டு வந்தார். மாலையில் சராசரியாக 146/88. எழுந்தவுடன் 164/100. தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவதுதான் இயல்பு. தூங்கி எழுந்தவருக்கு அது ஏறியிருக்கிறதென்றால் அந்தத் தூக்கத்தில் ஏதோ நடக்கிறது.

மருமகள் கொண்டுவந்த பதிவு

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, சந்தை கொஞ்சம் ஓயும். ஜூலைக் கடைசியில் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை கேள்வியை மாற்றினேன். எழுந்திருக்கும்போது உடம்பு தெளிவாக இருக்கிறதா, தலை கனக்கிறதா, குறட்டை உண்டா? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வந்தது: "சேச்சே, நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது." மருமகள் தரையைப் பார்த்தாள்.

பெண் குறட்டை விடுவது நம் வீடுகளில் வெட்கத்துக்குரிய செய்தி. ஆண் விட்டால் அது கேலிப்பேச்சோடு போய்விடும். பெண் விட்டால் யாரும் வெளியில் சொல்லமாட்டார்கள், அவளிடமேகூட. நான் அப்புறம் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்: "உங்க மாமா எங்க படுக்கிறாரு?"

"மொட்டை மாடியிலங்க. மழை பெஞ்சா திண்ணையில. அஞ்சாறு வருசமா அப்படித்தான்."

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. அத்தையின் குறட்டை அடுத்த அறைக்குக் கேட்கும். நடுவில் திடீரென்று நின்றுவிடும். அந்த அமைதிதான் பயம், மூச்சே இல்லையோ என்று எழுந்து போய்ப் பார்த்திருக்கிறாள். பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு. பூக் கட்டும்போது நாரைக் கையில் பிடித்தபடியே தலை சாய்ந்துவிடும். தராசில் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி, கணக்கு விட்டுப்போய் நட்டமும் ஆகியிருக்கிறது. தன் போனில் ஒருநாள் ராத்திரி பதிந்து வைத்திருந்ததைக் கொஞ்சம் தயங்கிவிட்டுக் காட்டினாள். நாலு நிமிடப் பதிவு. அதற்குள் மூன்று முறை மூச்சு நின்று திரும்பியது. ஒவ்வொரு முறையும் வயிறும் மார்பும் மூச்சுக்காக ஏறி இறங்குகின்றன, ஆனால் காற்றின் சத்தம் இல்லை. மூளை கட்டளையிடுகிறது, தொண்டைதான் மூடியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஸ்டாப்-பேங் என்றொரு எட்டுக் கேள்விப் பட்டியல் உண்டு. அறுவைக்கு முன் மயக்க மருத்துவர்கள் பயன்படுத்துவதற்காக டொரண்டோவில் உருவாகி 2008-ல் வெளியானது. குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, உயர் அழுத்தம், பி.எம்.ஐ. 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், தடித்த கழுத்து, ஆண் என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இந்த அம்மா தனியாக வந்து அவர் வாயால் சொன்னதை வைத்துப் போட்டிருந்தால் 2, அதாவது ஆபத்து குறைவு. மருமகள் சொன்னதையும் சேர்த்தால் 5, அதாவது ஆபத்து அதிகம். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டோமா இல்லையா என்பதில் அவ்வளவு வித்தியாசம். இவர் கழுத்துச் சுற்றளவு 38 செ.மீ., பட்டியலின் எல்லைக்குள்தான். நம் ஆட்களுக்கு இவ்வளவு குறைந்த பி.எம்.ஐ.யிலும் கழுத்திலும் நோய் கடுமையாக இருக்கலாம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பகல் தூக்கத்தை அளக்க 1991-ல் ஆஸ்திரேலியாவில் வந்த எப்வொர்த் கேள்விகளையும் போட்டுப் பார்த்தேன். புத்தகம் படிக்கும்போது கண் அயருமா, கார் போக்குவரத்தில் நிற்கும்போது அயருமா என்றெல்லாம் கேட்கும். இவர் படிப்பதில்லை, கார் இல்லை. அந்த மதிப்பெண்ணை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. பூக் கட்டும்போதும், உசிலம்பட்டி பஸ்ஸிலும், கோயில் கதை கேட்கும்போதும் என்று மாற்றிக் கேட்டதில் எல்லாவற்றுக்கும் "ஆமா" வந்தது.

ஏன் இவை ஒன்றாக வருகின்றன

தூங்கும்போது தொண்டைத் தசை தளரும். கழுத்திலும் நாக்கின் அடியிலும் கொழுப்பு சேர்ந்திருந்தால் காற்றுப்பாதை மூடிக்கொள்ளும். பத்து விநாடி அல்லது அதற்கு மேல் காற்று நின்றால் அதை ஒரு தடை என்று எண்ணுவோம். ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி அரைகுறையாக எழுப்பும், தொண்டை திறக்கும், மறுபடி தூக்கம், மறுபடி தடை. ஆளுக்கு எதுவும் நினைவிருக்காது. உடம்புக்கு அது ராத்திரி முழுக்க யாரோ துரத்துவது போலத்தான். அட்ரினலின் வகையறா சுரப்புகள் ஏறி ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்ப்பது குறைகிறது, கல்லீரல் சர்க்கரையையும் கொழுப்பையும் கூடுதலாக விடுகிறது. மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று நினைத்து அது ஒரு ஹார்மோனை விட, சிறுநீர் பெருகுகிறது. நாலு தடவை எழுந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மறுபக்கமும் உண்டு. வயிற்றில் கொழுப்பு ஏற ஏறத் தொண்டை இன்னும் சுருங்குகிறது. தூக்கம் கெட்டவருக்குப் பசி கூடுகிறது, நடக்கத் தெம்பில்லை. எடை ஏறுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடை 10 சதவீதம் கூடினால் மணிக்கு நேரும் தடைகள் ஏறக்குறைய 32 சதவீதம் கூடுவதாகவும், 10 சதவீதம் குறைந்தால் 26 சதவீதம் குறைவதாகவும் கணக்கிட்டார்கள். இந்தக் கூட்டுக் கோளாறுக்கு 1988-ல் வைத்த பெயர் சிண்ட்ரோம் எக்ஸ். பத்து வருடம் கழித்து, அதோடு தூக்க மூச்சுத் தடையையும் சேர்த்து சிண்ட்ரோம் இசட் என்று சிலர் எழுதினார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த இரண்டுமே கூடுகின்றன. அந்த வயதில்தான் வீட்டில் யாரும் அவர்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

பரிசோதனையும் முடிவுகளும்

முதல் முடிவு பரிசோதனைக்கு முன்பே எடுத்தது. அதிகாலை வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகக் கூடாது. போன தீபாவளிக்கு முன்னால் ஒருதரம் வண்டியிலிருந்து விழுந்து முழங்கை கிழிந்திருக்கிறது. "பள்ளத்துல ஏறிருச்சு" என்று சொல்லியிருந்தார்கள். மகனைக் கேட்டபோது பள்ளம் எதுவும் இல்லை, அம்மா தூங்கிவிட்டார் என்றான். அன்றிலிருந்து பூக் கூடைகளோடு லோடு ஆட்டோவில் முன் சீட்டில் போனார். தினம் கொஞ்சம் காசு கூடுதல். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்தது, எந்தப் பரிசோதனை? மதுரையில் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனைக்கு வசதி இருக்கிறது. ஆனால் 9 மணிக்குப் படுத்து 2.30-க்கு எழுகிறவரை வேறு இடத்தில், வேறு நேரத்தில் படுக்கவைத்தால் அவர் தூங்குவாரா என்பது சந்தேகம். செலவும் கூட. இதயம் பலவீனம், பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய் எதுவும் இல்லாமல், மூச்சுத் தடை இருப்பதற்கான வாய்ப்பு அதிகமாக உள்ளவருக்கு வீட்டுப் பரிசோதனை போதும். நுரையீரல் மருத்துவரும் அதையே சொன்னார். மூக்கில் காற்றோட்டம், மார்பு வயிறு அசைவு, விரலில் ஆக்சிஜன் ஆகியவற்றைப் பதியும் சின்னக் கருவி. ஆகஸ்டில் அவர் வீட்டிலேயே, அவர் பாயிலேயே.

ஐந்து மணி நேரப் பதிவு கிடைத்தது. மணிக்கு 38 தடைகள். 5 வரை இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மிக நீண்ட தடை 52 விநாடி. ஆக்சிஜன் இறங்கிய அடிமட்டம் 71 சதவீதம். பதிவான நேரத்தில் கால்வாசி 90-க்குக் கீழேதான். வீட்டுக் கருவி, விழித்திருந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் உண்மை எண் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, அறுவை செய்து எடுக்கும்படி டான்சில் எதுவும் பெருத்திருக்கவில்லை என்றார்.

சிகிச்சையாகச் சிபாப் கருவியைத் தேர்ந்தோம். மூக்கின் மேல் முகமூடி வைத்து, காற்றை மெல்லிய அழுத்தத்தில் உள்ளே அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் முறை. 1981-ல் சிட்னியில் முதலில் சொன்னது. மருந்து மாத்திரைகளை அப்படியே விட்டோம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும். கருவியின் விலை அப்போது 40,000 ரூபாய்க்கு மேல். வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுக்கச் சொன்னேன்.

முகமூடியோடு முதல் வாரங்கள்

செப்டம்பரில் ஆரம்பித்தோம். முதல் வாரச் சராசரி இரவுக்கு இரண்டு மணி நேரம்தான். காற்று கசிகிறது, கண்ணில் அடிக்கிறது என்றார். இரண்டு முறை கம்பெனி ஆள் வந்து வாரை இறுக்கிவிட்டுப் போனார். கசிவு நிற்கவில்லை. மூன்றாவது முறை கருவியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கே வரச் சொல்லி, படுக்கவைத்து மாட்டிப் பார்த்தோம். காரணம் மூக்குத்தி. இரண்டு பக்கமும் ஏழு கல் பேசரி. முகமூடியின் விளிம்பு சரியாக அதன் மேல் உட்கார்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. கழற்றிவிடலாமா என்று கேட்டேன். கணவர் இருக்கும்போது மாட்டேன் என்றார். அந்தப் பேச்சை அதோடு விட்டோம். ஒரு அளவு பெரிய முகமூடியை மாட்டியதும் மூக்குத்தி உள்ளே அடங்கிவிட்டது, விளிம்பு கன்னத்தில் படிந்தது. பின்தலையில் கொண்டை வாரை வழுக்கிவிட்டது. படுக்கும்போது பின்னலாக்கிப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார். எந்தக் கையேட்டிலும் இவற்றை நான் பார்த்ததில்லை.

அப்புறம் தண்ணீர். காற்றை ஈரமாக்கும் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பத்து நாளில் வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது. காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி ஊற்றச் சொன்னோம். கோடை வந்தபோது ஈரமே தேவைப்படவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து இரவுக்கு நாலேமுக்கால் மணி நேரம் வந்தது. அவர் தூங்குவதே ஐந்தரை மணி நேரம். மருமகள் ஒருநாள் போனில் சொன்னாள்: "அத்தை நேத்து ஒரு தடவகூட எந்திரிக்கலங்க. நாங்கதான் பயந்து எந்திரிச்சுப் பாத்தோம்."

மூன்று மாதக் கணக்கு

டிசம்பரில் எடுத்த அளவுகளைப் பார்த்தபோது பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம். கருவியின் பதிவில் மீதித் தடைகள் மணிக்கு 4. ராத்திரி எழுவது நாலிலிருந்து ஒன்று. காலைத் தலைவலி போய்விட்டது. அதே மாத்திரையில் அழுத்தம் 138/86. ஆனால் சராசரிச் சர்க்கரை 8.4, டிரைகிளிசரைடு 228, எடை 79. அவை கிட்டத்தட்ட அசையவே இல்லை.

இங்கே என் இரண்டாவது தவறைச் சொல்ல வேண்டும். கருவி வாங்கத் தயங்கியவர்களிடம், "இதை மாட்டினா சர்க்கரையும் எறங்கும்" என்று சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னதற்கு என் மனதில் ஒரு ஆதாரம் இருந்தது. 2011-ல் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரை. மூன்று மாதம் சிபாப் போட்டால் மெட்டபாலிக் சிண்ட்ரோமின் அளவுகளே குறைகின்றன என்றது. நம் நாட்டு நோயாளிகள் என்பதால் அது நன்றாக நினைவில் நின்றது. 2013-ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்பது நினைவில் நிற்கவில்லை. 2014-ல் வந்த இன்னொரு ஆய்வு, பருமனானவர்களை மூன்று குழுவாக்கியது: கருவி மட்டும், எடைக் குறைப்பு மட்டும், இரண்டும். 24 வாரத்தில் இன்சுலின் செயல்பாடும் டிரைகிளிசரைடும் எடை குறைத்தவர்களுக்குத்தான் சீரடைந்தன. கருவி மட்டும் போட்டவர்களுக்கு இல்லை. இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு அழுத்தம் நன்றாக இறங்கியது. இந்த அம்மாவின் தாளில் நான் பார்த்ததும் அதுதான்.

குடும்பத்தை உட்காரவைத்து, நான் சொன்னது தவறு, கருவி மூச்சுக்கும் அழுத்தத்துக்கும் உதவுகிறது, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எடை இறங்க வேண்டும் என்று சொன்னேன். மகனுக்குக் கோபம் வந்தது, வந்தது நியாயம். அந்த அம்மா மட்டும், "மூணு மாசமா மனுசியா இருக்கேன்டா, சும்மா இரு" என்றார்.

சாப்பாட்டைத் தோண்டிக் கேட்டதில் முக்கியமாகக் கிடைத்தது டீ. சந்தையில் கெட்டிலில் டீ சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பு ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது தினம் ஏறக்குறைய 80 கிராம். சர்க்கரை நோயாளி இப்படிக் குடிக்கலாமா என்று யாரும் கேட்கலாம், நானே முன்பு கேட்டு அதட்டியிருக்கிறேன். முழித்திருக்கத்தான் அவர் டீ குடித்தார். இப்போது தூக்கம் சொக்கவில்லை என்பதால் தானாகவே நாலாகக் குறைந்திருந்தது. அதை மூன்றாக்கி, சர்க்கரை இல்லாமல் என்று பேசினோம். ராத்திரி கடைப் பரோட்டாவை வாரத்துக்கு ஒன்றாக்கி, மற்ற நாளில் 7 மணிக்கே வீட்டில் சாப்பாடு. சாயங்காலம் யானைமலை அடிவாரத்தில் முக்கால் மணி நேர நடை. "முன்னாடியெல்லாம் நடக்கச் சொன்னா எரிச்சலா வரும்" என்றார். அதற்கு முன் ஆறு மாதமும் நடக்கச் சொன்னவள் நான்தான். தூங்காத உடம்பை நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

மருந்தில் ஒரே மாற்றம்: எடை கூட்டும் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின். 2020-ல் காப்புரிமை முடிந்த பிறகு பல கம்பெனிகள் தயாரிப்பதால் இவர் வாங்கும் விலைக்கு வந்துவிட்டது. அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி, சந்தையில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிவைக்கும் பழக்கத்தை மாற்றச் சொன்னோம்.

சித்திரையில் விட்டுப்போன நாட்கள்

2024 ஏப்ரல் கடைசியில் தலைவலியோடு வந்தார். அழுத்தம் 150/92. சாப்பாடு, மாத்திரை எல்லாம் சரி. கருவியின் நினைவு அட்டையைப் பார்த்தால் தொடர்ந்து 12 இரவு பூஜ்யம். சித்திரைத் திருவிழாவுக்குச் சம்பந்தி வீட்டார் வந்து தங்கியிருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கி, ஊருக்குத் திரும்பும் வரை வீடு நிறைய ஆள். அவர்கள் முன்னால் மூஞ்சியில் குழாயை மாட்டிக்கொண்டு படுக்க வெட்கம்.

அதட்டவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், மாட்டிய மாதம், மாட்டாத 12 நாள். மருத்துவர் சொல்லும் எந்த விளக்கத்தையும்விட அந்த இரண்டு தாள் அவருக்குப் புரிந்தது. திரும்ப மாட்டி இரண்டு வாரத்தில் 134/84-க்கு வந்தது. அடுத்த தடவை விருந்தாளி வரும்போது மருமகள் தன் அறையைக் கொடுப்பதாக அவர்களே ஏற்பாடு பேசிக்கொண்டார்கள்.

ஓராண்டு முடிவில்

2024 செப்டம்பர்: எடை 71.5 கிலோ. உச்சத்திலிருந்து 8 கிலோ, பத்து சதவீதம் குறைவு. இடுப்பு 94 செ.மீ. அழுத்தம் 128/80. சராசரிச் சர்க்கரை 7.1. டிரைகிளிசரைடு 164, ஹெச்.டி.எல். 41. ஹீமோகுளோபின் 13.6. இன்சுலின் பேச்சு இப்போதைக்கு இல்லை. அளவுகோல்படி பார்த்தால் அவருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் இன்னும் இருக்கிறது: இடுப்பு, டிரைகிளிசரைடு, ஹெச்.டி.எல். எதுவும் எல்லைக்குள் வரவில்லை, அழுத்தமும் சர்க்கரையும் மருந்தில் நிற்பவை. குணமாகிவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இந்த முன்னேற்றத்தில் கருவிக்கு எவ்வளவு, எடைக்கு எவ்வளவு, புது மாத்திரைக்கு எவ்வளவு என்று ஒரே ஆளை வைத்துப் பிரித்துச் சொல்லவும் முடியாது. அழுத்தம் இறங்கியதில் கருவிக்குப் பங்குண்டு என்பதைச் சித்திரை 12 நாள் காட்டியது. அவ்வளவுதான் சொல்லத் துணிவேன்.

இனி மாற்றிக்கொள்வது

"தூக்கம் நல்லா வருதா?" என்ற கேள்வியை நிறுத்திவிட்டேன். அது தூக்கம் வராதவர்களைக் கண்டுபிடிக்கும் கேள்வி. மூச்சுத் தடை உள்ளவர்கள் அதற்கு மகிழ்ச்சியாக "ஆமா" என்பார்கள். ஐந்து அளவுகோலில் மூன்று யாருக்கு இருந்தாலும், எழும்போது எப்படி இருக்கிறது, ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள், ஒரே அறையில் யார் படுக்கிறார்கள் என்று கேட்கிறோம். பெண்களிடம் குறட்டையைப் பற்றி நேரடியாகக் கேட்டுப் பயனில்லை. கூட வந்தவரைத் தனியாகக் கேட்க வேண்டும். இதை என்னைவிட எங்கள் நர்ஸ் நன்றாகச் செய்கிறார்.

மூன்றாவது அழுத்த மாத்திரையை எழுதுவதற்கு முன்பே அட்டையை எண்ணியிருக்க வேண்டும். ஆறு மாதம் அவர்மேல் சந்தேகப்பட்டதற்கு அந்த எண்ணிக்கை ஐந்து நிமிடத்தில் பதில் சொன்னது. கருவி பற்றிச் சொல்லும்போது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை முதல் நாளே தாளில் எழுதிக் கொடுக்கிறேன். எடைக் குறைப்பைக் கருவியோடு சேர்த்தே ஆரம்பிக்கிறேன், மூன்று மாதம் காத்திருப்பதில்லை. முகமூடி மாட்டுவதை கம்பெனி ஆளிடம் விடாமல் ஒருதரமாவது படுக்கவைத்துப் பார்க்கிறோம், மூக்குத்தி, கொண்டை, தாடி எல்லாம் சேர்த்து.

தீராத விஷயங்களும் உண்டு. பகல் தூக்கத்துக்கு அவர் இன்னும் கருவி மாட்டுவதில்லை. "ரெண்டு மணி நேரத்துக்கு எதுக்கு" என்கிறார். அந்த இரண்டு மணி நேரமும் தடைகள் நடக்கத்தான் செய்யும். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலெல்லாம் கரண்ட் நிற்கும் நாளில் மாட்டவும் முடியாது. மொத்தத் தூக்கம் ஏழரை மணி நேரத்தைத் தொடுவது கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் மட்டும்தான். எடை பத்து சதவீதம் இறங்கியிருப்பதால், அடுத்த ஆடியில் சந்தை ஓய்ந்திருக்கும்போது கருவி இல்லாமல் இன்னொரு இரவு பதிந்து பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.